கத்தார் பாலைவனத்துல ஒரே ஒரு நாள்: பழைய இடங்களுக்கு ஃபோர் வீல்ல போகணும், வழி சொல்லுங்க

பட்டர்வொர்த்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேணும். டிசம்பர்ல அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு டோஹா போறேன், அக்காவும் மாமாவும் அங்கதான் இருக்காங்க, மாமாவுக்கு கேஸ் பிளான்ட்ல வேல. பத்து நாள் தங்குறோம். அதுல ஒரு நாள முழுசா அப்பாவுக்குனு ஒதுக்கி வச்சிருக்கேன்.

அப்பாவுக்கு 68 வயசு, பழைய இடம்னா அவருக்கு உசுரு. நான் ஸ்டாண்டர்ட் டூ படிக்கும்போது மோட்டார்ல முன்னாடி டேங்க் மேல ஒக்கார வச்சி கெடால இருக்குற பூஜாங் பள்ளத்தாக்குக்கு கூட்டிட்டுப் போனாரு, அங்க சண்டிங்கிற பழங்காலக் கோயில் கல்லு மேல என் கைய புடிச்சி வச்சி "இது யாரு அடுக்குன கல்லு தெரியுமாடா"னு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. இப்ப மாமா அனுப்புன வீடியோவுல பாலைவனத்துல இடிஞ்சு கெடக்குற ஊரு, பாறையில செதுக்குன படகு எல்லாம் பாத்துட்டு "நம்ம போறப்ப இத பாக்க முடியுமா"னு அவரே கேட்டாரு. எங்ககிட்ட இது வேணும் அது வேணும்னு கேட்டே பழக்கம் இல்லாத மனுஷன். அதனால இத சரியா செய்யணும்னு நெனைக்கிறேன்.

நான் எழுதி வச்சிருக்குற இடங்க: அல் ஜசாசியா பாறைச் செதுக்கல், அல் ஜுமைல்ங்கிற ஆளில்லாத மீன்புடி கிராமம், அல் ஸுபாரா கோட்டை, அப்புறம் மேற்கு பக்கம் ஸெக்ரீத். நாலையும் ஒரே நாள்ல முடிக்கலாமா? வாடகைக்கு ஃபோர் வீல் எடுத்து நானே ஓட்டலாம்னு இருக்கேன். இங்க செம்பனை தோட்டத்து மண் ரோட்டுல ஹைலக்ஸ் ஓட்டி நல்ல பழக்கம், மணல்ல மட்டும் ஓட்டுனதே இல்ல. மாமாவுக்கு அன்னைக்கு ஷிஃப்ட் வந்தா வர முடியாது, அப்ப நானு அப்பா அம்மா மூணு பேருதான். அப்பாவுக்கு முட்டி வலி வேற இருக்கு, கரடுமுரடா ரொம்ப தூரம் நடக்க முடியாது. போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி:

டிசம்பர் நல்ல மாசம்தான், வெயில் அடிக்காது, காலையில ஜாக்கெட் கூட வேணும். நாங்க டூர் வேன்ல போனோம், நீங்க சொல்ற நாலு இடத்தையும் ஒரே நாள்ல காட்டுனாங்க. ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம், எறங்கு, படம் எடு, ஏறு. வீட்டுக்கு வந்து போட்டோவ பாத்தா எது எந்த இடம்னு என்னாலயே பிரிக்க முடியல. அப்பாவுக்காகப் போறீங்கன்னா ரெண்டு மூணு இடம் போதும்ங்க, மனசு வச்சி பாக்கட்டும்.

---

செந்தூல்_மனுஷன்:

தம்பி, நான் கத்தார் வடக்குல ராஸ் லஃபான் பக்கம் ஆறு வருஷம் வேல பாத்தேன், வெள்ளிக்கிழமை லீவு வந்தா காடிய எடுத்துக்கிட்டு வடக்கு பூரா சுத்துறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல மணல் மேடு படத்த மனசுலேர்ந்து எடுத்துடுங்க. கத்தார்ல பெரிய பெரிய மணல் மேடெல்லாம் தெக்கு பக்கம், மெஸாயித் தாண்டி கோர் அல் உதைத் வரைக்கும். நீங்க போறது வடக்கு, அது தட்டையான சரளைக்கல்லுத் தரை, சுண்ணாம்புப் பாறை, நடுவுல அங்கங்க முள்ளுச்செடி. டோஹாலேர்ந்து ஷமால் ஹைவேல வடக்க போனா அல் கோர் வரும், அதத் தாண்டி கடல் பக்கம் திரும்புனா ஜசாசியா, அப்புறம் ருவைஸ், அங்கேர்ந்து மேற்கு கரையோரமா எறங்குனா ஜுமைல், கீழ ஸுபாரா. ஸுபாரா டோஹாலேர்ந்து 105 கிலோமீட்டர் போல வரும். இந்த மூணும் ஒரே வளையத்துல ஒக்காந்துருக்கு, காலையில ஏழு மணிக்குக் கெளம்புனா இருட்டுறதுக்குள்ள நிம்மதியா முடிக்கலாம். ஸெக்ரீத் வேற மூல. அத வேற ஒரு நாளைக்கு வச்சிக்குங்க. டிசம்பர்ல அங்க அஞ்சு மணிக்குள்ளயே சூரியன் எறங்கிடும், இத மட்டும் மறக்காதீங்க, நம்ம ஊரு ஏழே கால் மணி பழக்கத்துல திட்டம் போட்டா கடைசி இடத்த இருட்டுலதான் பாப்பீங்க.

ஓட்டுறதுல மணல விட பெரிய எதிரி ஒண்ணு இருக்கு. சப்கான்னு சொல்வாங்க, உப்புத்தரை. கரையோரமா இருக்கும். அடியில கடல்தண்ணி ஊறி மேல வரும், வெயில்ல தண்ணி ஆவியாகி உப்பும் ஜிப்சமும் மட்டும் மேல தங்கி ஓடு மாதிரி கட்டிக்கும். பாத்தா காஞ்ச களம் மாதிரி தட்டையா அழகா இருக்கும், வாடா வந்து ஓட்டுடான்னு கூப்புடும். ஆனா அது பால் மேல படியுற ஆடைதான், கீழ பூரா சேறு. எங்க பிளான்ட்ல ஒருத்தரு, பேரு வேணாம், பாதை வளைஞ்சு போகுதேன்னு ரெண்டு நிமிஷம் மிச்சம் புடிக்க நேரா குறுக்க விட்டாரு, நாலு சக்கரமும் ஆக்ஸில் வரைக்கும் எறங்கிடுச்சு. இழுக்க வந்த காடியும் கிட்ட வர முடியாம, கயிறு மேல கயிறு கட்டி ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வெளிய வந்தாரு. கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. சுத்தி இருக்குற தரைய விட கொஞ்சம் கருத்து ஈரமா தெரியும், இல்லனா வெள்ளையா உப்பு பூத்திருக்கும். சந்தேகம் வந்தா காடிய நிறுத்திட்டு எறங்கி நடந்து பாருங்க, குதிங்காலால ஓங்கி மிதிச்சா ஓடு ஒடஞ்சி ஈரம் தெரிஞ்சா திரும்பிடுங்க. ஏற்கனவே சக்கரத்தடம் பதிஞ்ச பாதைய விட்டு வெளிய போகவே போகாதீங்க. மழை பேஞ்சி ரெண்டு மூணு நாள்னா இன்னும் மோசம்.

இப்ப இடங்களப் பத்தி.

ஸுபாரால எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. போனதும் மண் நெறத்துல அழகா ஒரு கோட்டை நிக்கும், மூணு மூலையில வட்ட கோபுரம், ஒரு மூலையில சதுரம். அதுக்கு முன்னாடி நின்னு படம் எடுத்துட்டு ஸுபாரா பாத்தாச்சுன்னு திரும்பிடுவாங்க. அந்த கோட்டை 1938-ல கட்டுனது தம்பி, நம்ம தாத்தா காலம். எல்லைக் காவலுக்குக் கட்டுனாங்க, 1980கள் வரைக்கும் காவல்காரங்க இருந்தாங்க, அப்புறம்தான் மியூசியம் ஆச்சு. 2013-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம்னு பட்டியல்ல சேத்தது முக்கியமா அதுக்கு அந்தாண்ட கடல் பக்கம் மண்ணுக்குள்ள கெடக்குற ஊருக்காக. 1760கள்ல குவைத் பக்கத்துலேர்ந்து வந்த உத்தூப் குலத்து வணிகருங்க உண்டாக்குன ஊரு, முத்து வியாபாரம்தான் மூச்சு. மதில் சுவரு, கோபுரம், சந்தை, பள்ளிவாசல், முற்றம் வச்ச வீடுங்க, கடல்லேர்ந்து சரக்கு எறக்க வசதி, எல்லாம் இருந்துச்சு. 1811-ல தாக்குதல்ல எரிஞ்சு போச்சு, அப்புறம் பழைய அளவுக்கு எழுந்திரிக்கவே இல்ல, 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மொத்தமா காலியாயிடுச்சு. காலியானதுக்கப்புறம் யாரும் மேல கட்டல, மணல் வந்து மூடிக்கிச்சு, அதனாலதான் தெரு தெருவா அப்படியே மிஞ்சிருக்கு. தோண்டுனது கொஞ்சம்தான், பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கடியில.

அங்க அப்பாவுக்கு மறக்காம காட்ட வேண்டியது மத்பஸா. பேரீச்சம்பழத்துலேர்ந்து பாகு எடுக்குற அறை. தரையில வரிவரியா வாய்க்கால் வெட்டி சாந்து பூசியிருப்பாங்க, பழத்த மூட்டையா அடுக்கி வச்சா அதோட கனத்துலயும் சூட்டுலயும் பாகு கசிஞ்சு வாய்க்கால்ல ஓடி மூலையில புதைச்சு வச்ச ஜாடியில எறங்கும். ஆலை, செக்கு எதுவும் கெடையாது. மொத தடவ பாத்தப்ப நான் அங்கயே குந்தி ஒக்காந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஜுமைல் பத்தி ஒண்ணு சொல்லணும். கல்லு வீடுங்க, கூரை போயி சுவரு மட்டும் நிக்கும், ஒரு பள்ளிவாசல் கோபுரம் தனியா நிக்கும், பத்தடி தாண்டுனா கடல். எண்ணெய்ப் பணம் வந்ததும் ஜனங்க டவுனுக்குக் கெளம்பிட்டாங்க. நான் சிலாங்கூர்ல தோட்டத்துல பொறந்து வளந்தவன். எங்க லயத்த, அதாவது தோட்டத்து வரிசை வீடுங்கள, காலி பண்ணி ஆளுங்கள அனுப்புனதுக்கப்புறம் ஒரு தடவ போய் பாத்தேன், கதவு நிலையில பூசுன மஞ்சள் மட்டும் மங்கலா இருந்துச்சு. ஜுமைல்ல ஒரு வீட்டு சுவத்துல வெளக்கு வைக்கிற மாடம் பாத்தப்ப எனக்கு அந்த நிலைதான் ஞாபகம் வந்துச்சு. நம்மாளுங்க அந்த ஊருக்குப் போனா அரபிக்கதையா பாக்க மாட்டாங்க, அவங்கவங்க லயத்தத்தான் பாப்பாங்க.

பெட்ரோல் முழுசா போட்டுக்குங்க, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி, சாப்பாடு தப்பாவ் பண்ணி (கட்டி எடுத்துக்கிட்டு) போயிடுங்க, வடக்குல கடை கம்மி. வெள்ளிக்கிழமை வேணாம், தொழுகை முடியுற வரைக்கும் பல இடம் மூடியிருக்கும்.

---

சேறும்_சக்கரமும்:

செந்தூல் அண்ணன் இடத்தப் பத்தி அருமையா சொல்லிட்டாரு, நான் காடியப் பத்தி மட்டும் சொல்றேன். நான் இருபது வருஷமா உலு லங்காட், ரவுப், கெரிக்னு காட்டுப்பாதையில ஓட்டுறவன், மணல்ல ஓட்டுனது ஓமன்லயும் துபாய்லயும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிதான் மொத நாள் கஷ்டப்பட்டேன், அதனால சொல்றேன் கேட்டுக்குங்க.

நம்ம ஊரு சேத்துல சக்கரம் வழுக்குனா கொஞ்சம் சுத்த விட்டு பல்லுல இருக்குற சேத்த ஒதறி புடிப்பு தேடுவோம். மணல்ல அத பண்ணீங்கன்னா சக்கரமே தனக்குக் குழி வெட்டிக்கும், அவ்ளோதான். காடி முன்னேறலைன்னு தெரிஞ்ச அந்த நொடியே கால எடுங்க. வந்த தடத்துலயே நேரா ரிவர்ஸ் வாங்க, அந்த தடம் ஏற்கனவே அமுங்கி கெட்டியா இருக்கும். காட்டுல மாட்டுனா வின்ச் கயித்த மரத்துல கட்டுவோம், அங்க கட்ட மரம் எங்க இருக்கு? அதனால மண்வெட்டி ஒண்ணு, சக்கரத்துக்கு அடியில போடுற பலகை ரெண்டு, இழுவைக் கயிறு கண்டிப்பா வேணும், முடிஞ்சா மாமாகிட்ட சொல்லி ரெண்டாவது காடி ஒண்ணு கூட வர ஏற்பாடு பண்ணுங்க.

டயர் காத்து. ரோட்டுல 35 பி.எஸ்.ஐ. இருக்கும். மணல் வந்துச்சுன்னா 18 வரைக்கும் எறக்குங்க. காத்து எறங்குனா டயர் அகலமாகுதுன்னு நெனைப்போம், அகலத்த விட நீளவாட்டுலதான் தரையில அதிகமா படியும், கனம் பரவிடும், அதனாலதான் பொதையாது. ஆனா நீங்க போற வடக்குல கூரான கல்லு அதிகம்னு அண்ணன் சொல்றாரு, அங்க 18-ல ஓடுனா டயர் பக்கவாட்டுல கிழியும், அதனால கல்லுத்தரைக்கு 25 போல வச்சிக்கிட்டு மெதுவா போங்க, மணல் வந்தா மட்டும் எறக்குங்க. திரும்ப தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி காத்து ஏத்தியே ஆகணும், காத்து கம்மியா ஹைவேல 100-ல போனா டயர் சூடாகி வெடிக்கும். லைட்டர் சாக்கெட்ல மாட்டுற சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு, காத்து பாக்குற மீட்டர் ஒண்ணு, ரெண்டையும் இங்கேர்ந்தே பேக்ல போட்டுக்குங்க.

வாடகைக் காடி எடுக்கும்போது பேப்பர்ல ஃபோர் வீல்னு எழுதியிருக்குறத நம்பாதீங்க. உள்ள ஒக்காந்து 4 ஹெச், 4 எல்னு (நாலு சக்கரமும் வேகமா, மெதுவா இழுக்குற நிலைங்க) கியரோ திருகோ இருக்கானு கண்ணால பாருங்க. உசரமா இருக்குற காடியெல்லாம் நாலு சக்கரமும் இழுக்குற காடி கெடையாது. ஸ்பேர் டயர், ஜாக் இருக்கானும் பாருங்க, பாதைக்கு வெளிய போனா இன்ஷூரன்ஸ் உண்டானு கேட்டு எழுத்துல வாங்குங்க. அங்க ஸ்டியரிங் இடது பக்கம், ஓட்டுறது வலது பக்கம். மொத நாளே பாலைவனம் கெளம்பாம, டோஹாக்குள்ள ரெண்டு நாள் ஓட்டிக் கைக்குப் பழக்கிக்குங்க.

---

பட்டர்வொர்த்_பையன்:

ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். ஸெக்ரீத்த பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன். அப்பாகிட்ட மத்பஸா பத்தி படிச்சுக் காட்டுனேன், கண்ணாடிய கழட்டிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு. ஜசாசியா பத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் யாராவது சொல்ல முடியுமா? படகு செதுக்கல்தான் எல்லா படத்துலயும் வருது, அத மட்டும் பாக்கவா அவ்ளோ தூரம்? முட்டி வலியோட அந்தப் பாறையில ஏறணுமா?

---

ஆயர்ஈத்தாம்_டீச்சர்:

தம்பி, ஜசாசியாவ விட்டுடாதீங்க. நான் தமிழ்ப்பள்ளியில வேல பாத்து ரிட்டயர் ஆனவ, என் மக அங்க இருந்தப்ப 2019-ல கூட்டிட்டுப் போனா. ஏற்றம் அதிகம் இல்ல, உயரம் கம்மியான சுண்ணாம்புப் பாறை முதுகுதான், சுத்தி வேலி போட்டுருக்காங்க, மெதுவா நடந்தா அப்பாவால முடியும். கைத்தடி ஒண்ணு கொடுங்க, பாறை வழுக்கும்.

படகு மட்டும்னு நெனைக்காதீங்க. அங்க 900 செதுக்கல் போல இருக்கு. 1957-ல கண்டுபுடிச்சாங்க, 1974-ல டென்மார்க்லேர்ந்து வந்த அப்பாவும் மகனும் ஒண்ணு விடாம பதிவு பண்ணாங்க. படகுல பலது மேலேர்ந்து பாக்குற மாதிரி செதுக்கியிருக்கு, துடுப்பு ரெண்டு பக்கமும் நீட்டி பூரான் மாதிரி தெரியும். அதெல்லாம் சரி. என்னைய நிறுத்தி வச்சது படகு இல்ல, குழிங்க. வழவழன்னு உள்ளங்கை அளவுக்கு, ரெண்டு வரிசையா, வரிசைக்கு ஏழு. நான் எண்ணிப் பாத்தேன், பதினாலு. இன்னொரு இடத்துலயும் பதினாலு. மக கேக்குறா என்னம்மா பாக்குறன்னு. பல்லாங்குழி டீன்னு சொன்னேன்.

நம்ம பல்லாங்குழிக்கும் ஏழும் ஏழும் பதினாலுதான, மலாய்க்காரங்க சொங்காக்லயும் பக்கத்துக்கு ஏழு வீடு, கூட ரெண்டு முனையில ஒவ்வொரு களஞ்சியம். ஒரே குடும்பத்து ஆட்டம் ஆப்பிரிக்கா, அரபு நாடு, நம்ம தமிழ்நாடு, ஈழம், மலாயான்னு கடலோரமா பூரா கெடக்கு. ஜசாசியால அந்தக் குழிங்க எதுக்கு, எந்தக் காலம்னு ஆய்வாளருங்களுக்குள்ள ஒரே கருத்து இல்ல, ஆட்டத்துக்குன்னு பல பேரு சொல்றாங்க, முத்து பிரிக்கவும் இருக்கலாம்னு சில பேரு சொல்றாங்க. எனக்கு ஆட்டம்னுதான் மனசு சொல்லுது. கடல்லேர்ந்து வந்தவன் காத்து திரும்புற வரைக்கும் நாள் கணக்கா ஒக்காந்துருப்பான், வேற என்ன செய்வான். எங்க அம்மா தோட்டத்துல கித்தா (ரப்பர்) கொட்டைய வச்சித்தான் எங்களுக்கு ஆடக் கத்துக்குடுத்தாங்க, பலகை கெடையாது, லயத்து வாசல்ல மண்ணுல குழி தோண்டுவோம்.

முத்து பத்தியும் அப்பாகிட்ட சொல்லுங்க, கேட்டா சந்தோஷப்படுவாரு. கொற்கையிலயும் மன்னார் கடல்லயும் கால்ல கல்லக் கட்டிக்கிட்டு மூச்ச அடக்கி முங்குனாங்களே, அதே மாதிரிதான் இவங்களும் மூக்குல கிளிப்ப மாட்டிக்கிட்டு கல்லோட கனத்துல எறங்குவாங்க, தோழன் மேல கயித்தப் புடிச்சிக்கிட்டு நிப்பான், கயித்த ஆட்டுனா இழுக்கணும். கோடையில நாலு மாசம் கரைக்கு வராம கடல்லயே. ஜப்பான்ல மிகிமோட்டோ 1893-ல வளர்ப்பு முத்துக்கு வழி கண்டுபுடிச்சாரு, 1920கள், 30கள்ல அது ஒலகச் சந்தைய நெறைச்சிடுச்சு, கூடவே பொருளாதாரச் சரிவும் வந்துச்சு, வளைகுடாவுல முத்துத் தொழில் படுத்துடுச்சு. அந்தக் கரையில பட்டினி கெடந்த வருஷங்க அது. எண்ணெய் வந்தது அதுக்கப்புறம்தான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், மனசு கேக்கல. ஸுபாராவ ஒலகப் பட்டியல்ல சேத்த அதே 2013-ல்தான் நம்ம கெடால சுங்கை பத்து பக்கம் ஒரு பழைய சண்டிய வீடு கட்ட நெலத்த சமப்படுத்துறப்ப இடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல நின்ன கல்லு. அப்பா உங்கள பூஜாங்குக்குக் கூட்டிட்டுப் போய் கல்லத் தொட வச்சாரு பாருங்க, அதுக்கு நான் இங்கேர்ந்து அவருக்கு வணக்கம் சொல்றேன்னு சொல்லுங்க. ஆனா ஜசாசியால குழிக்குள்ள கல்லு எதுவும் போட்டு ஆடிப் பாக்காதீங்க, பாறை மிருது, தேயும். ஓடு, பானைச்சில்லு எது கெடந்தாலும் எடுக்கக் கூடாது, சட்டப்படி தப்பு.

---

பட்டர்வொர்த்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம், நேத்துதான் போயிட்டு வந்தோம், இன்னும் டோஹாலதான் இருக்கேன். நீங்கெல்லாம் இவ்ளோ சொன்னதுக்கு வந்து நடந்தத சொல்லலன்னா தப்பு.

காடியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஃபோர் வீல்னு காசு கட்டி புக் பண்ணுன இடத்துல உசரமா வெள்ளையா ஒண்ண கொண்டாந்து நிறுத்துனாங்க. சேறும் சக்கரமும் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து உள்ள ஏறி பாத்தேன், 4 எல் எதுவும் இல்ல, முன் சக்கரம் மட்டும் இழுக்குற காடி. கேட்டா "சேம் சேம்"ங்குறாங்க. ஒன்ற மணி நேரம் பேசி வேற காடி வாங்குனேன். ஸ்பேர் டயரையும் அங்கயே எறக்கிப் பாத்தேன். அண்ணே, இந்த ஒரு வார்த்தைக்கே உங்களுக்கு ஆயுசுக்கும் நன்றி.

மாமாவுக்கு லீவு கெடச்சிடுச்சு, அவரோட வேல பாக்குற ஒருத்தரு தன் லேண்ட் குரூசர்ல கூட வந்தாரு, ரெண்டு காடி. காலையில பசியாறிட்டு ஆறே முக்காலுக்குக் கெளம்புனோம், அம்மா புளிச்சாதமும் தொவையலும் கட்டிக்கிட்டாங்க. ஹைவே விட்டு எறங்குன எடத்துல காத்து எறக்குனேன், நாலு டயரும் உஸ்ஸுன்னு சத்தம் போட அப்பா பக்கத்துல நின்னு மீட்டர படிச்சாரு, 28, 26, 25 போதும்டான்னு.

ஜசாசியா. டீச்சர், என்ன சொல்றதுன்னே தெரியல. காலை வெயில் சாஞ்சி விழுந்தப்ப போனோம், அந்த நேரத்துலதான் செதுக்கல்ல நெழல் நிக்குது, மாமா முன்னாடி ஒரு தடவ மத்தியானம் போனப்ப ஒண்ணுமே தெரியலையாம். மொதல்ல படகு. துடுப்ப அப்பா எண்ணிக்கிட்டே போனாரு. அம்மா பின்னால வந்தவங்க ஒரு எடத்துல நின்னுட்டாங்க. நீங்க எழுதுனத நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல, அப்பாகிட்ட மட்டும்தான் படிச்சுக் காட்டுனேன். அம்மா குனிஞ்சு பாத்துட்டு, "ஏங்க இங்க வாங்க, பல்லாங்குழி"ன்னு கூப்பிட்டாங்க. குழி ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் கிண்ணம் அளவு, விளிம்பு மழுங்கி, உள்ள காத்துல வந்த மணல் கொஞ்சம், ஒரு குழியில நத்தை ஓடு மாதிரி ஒண்ணு. அம்மா தொடல, கைய மட்டும் மேல காத்துல வலதுலேர்ந்து இடதா நகத்தி நகத்தி காய் போடுற மாதிரி போட்டாங்க, ஏழு முடிஞ்சதும் வளைச்சு எதிர் வரிசைக்குப் போனாங்க. நாங்க யாரும் பேசல. எங்க அம்மா பல்லாங்குழி ஆடி நான் பாத்ததே இல்ல.

ஜுமைல்ல ஒரு சம்பவம். கோபுரத்துக்குப் பின்னால கடல் ரொம்ப கிட்ட தெரிஞ்சுது, அப்பா நடக்குற தூரத்த கொறைக்கலாம்னு தடம் இருந்த எடத்த விட்டு முப்பதடி உள்ள விட்டேன். முன்னாடி இடது சக்கரத்துக்கு அடியில பப்படம் ஒடையிற மாதிரி சத்தம். ஓடு ஒடஞ்சி கருப்பா சேறு மேல வந்துச்சு, அழுகுன முட்டை வாடை. கால எடுத்துட்டேன், ஆக்ஸிலேட்டர தொடவே இல்ல. எறங்கி நடந்து பாத்தா எனக்கே குதிங்கால் எறங்குது. எல்லாரையும் எறக்கி விட்டு, பின்னால பலகை ரெண்டயும் போட்டு, 4 எல்-ல வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுத்தேன், ரெண்டாவது தடவைல வந்துடுச்சு. செந்தூல் அண்ணன் அவ்ளோ தெளிவா எழுதியும் அத நான் செஞ்சேன், முப்பதடிதானேன்னு. போறவங்க யாரும் இந்த முப்பதடிய நம்பாதீங்க. அப்புறம் காடிய தூரத்துலயே போட்டுட்டு அப்பா கைத்தடியோட மெதுவா நடந்தே போனாரு, ஒண்ணும் ஆகல.

அங்க ஒரு வீட்டு வாசப்படியில ஒக்காந்துதான் புளிச்சாதம் சாப்பிட்டோம். கூரை இல்ல, சுவத்துக்குள்ள சிப்பியும் பவளக்கல்லும் பதிஞ்சு கெடக்கு, சாந்து உதுந்த எடத்துல கையால பூசுன வெரல் தடம் தெரியுது. அப்பா பிறைங்கிற ஊரு தோட்டத்துல அவரு பொறந்த வீட்டு நம்பர சொன்னாரு. எனக்கு அது இத்தன வருஷமா தெரியாது. 17-ஆம் நம்பர் வீடு, பைப்படிக்கு எதுக்க.

ஸுபாராவுக்கு ரெண்டு மணிக்குப் போயி சேந்தோம். கோட்டைய பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சிட்டு கடல் பக்கம் போயிட்டோம். காத்து அடிக்குது பாருங்க, தொப்பி நிக்கல. இடுப்பளவு சுவருங்க, தெரு எங்க வளையுதுன்னு தெளிவா தெரியுது. மத்பஸா தரைய பாத்ததும் அப்பா, செந்தூல் அண்ணன் சொன்ன மாதிரியே ஒக்காரப் பாத்தாரு, முட்டி விடல, மாமா மடக்கு நாற்காலி கொண்டாந்து போட்டாரு. வாய்க்கால் எந்தப் பக்கம் சரியுதுன்னு தலைய சாச்சு சாச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. "கொட்டை வச்ச பழத்த நசுக்காம அதோட கனத்தாலயே பாகு எறக்கியிருக்கான் பாருடா, எவ்ளோ பொறுமை"ன்னு சொன்னாரு. நாலே கால் வரைக்கும் அங்கேர்ந்து நகரல. சூரியன் எறங்குறப்ப அந்தக் குட்டைச் சுவருங்களோட நெழல் ஒண்ணு மேல ஒண்ணு நீண்டு ஊரு மொத்தமும் எழுந்திருச்ச மாதிரி இருந்துச்சு.

பெட்ரோல் ஸ்டேஷன்ல 35-க்கு காத்து ஏத்திக்கிட்டு இருக்கும்போது அப்பா மெதுவா பக்கத்துல வந்து, "அந்த இன்னொரு இடம் பேரு என்ன சொன்ன, ஸெக்ரீத்தா?"ன்னாரு. அங்க கல்லு காளான் மாதிரி நிக்கும், நடுப் பாலைவனத்துல ரிச்சர்ட் செர்ராங்கிற அமெரிக்க சிற்பி 2014-ல நட்ட நாலு இரும்புத் தகடு ஒரு கிலோமீட்டருக்கு மேல வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணும் பதினாலு மீட்டருக்கு மேல உசரம், பழசு இல்லப்பான்னு சொன்னேன். பரவால்ல பாப்போம்னுட்டாரு. மாமா வியாழக்கிழமைக்கு மறுபடியும் லீவு கேட்டிருக்காரு. ஸெக்ரீத் பாதை இப்ப எப்படி இருக்கு, மழை ஏதும் பேஞ்சுதானு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

செந்தூல்_மனுஷன்:

தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்துருந்தேன். அப்பாவுக்கு என் வணக்கம். ஸெக்ரீத்துக்கு தார் ரோடு முடிஞ்சதும் சரளைத் தடம், மழை இல்லனா கெட்டியா இருக்கும், காத்து 25 போதும். தகடுங்களுக்கு சாயங்காலம் போகாம காலையிலயே போயிடுங்க, திரும்புற பாதையில தடம் பல பக்கமா பிரியும், இருட்டுல கொழப்பும். போற வழியெல்லாம் ஜிபிஎஸ்ல புள்ளி வச்சிக்கிட்டே போங்க. கரைப்பக்கம் மட்டும் எறங்காதீங்க, அங்கயும் சப்கா இருக்கு.